மரத்தின் பெயரும் மரத்தின் வாழ்வும்: உகுலேலே, வீணை, யாழ் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

சற்றே நீண்ட பதிவு. இசையியலும் சூழலியல் வரலாறும் பயிலும் நண்பர்களை மனத்திற்கொண்டு எழுதியது.

நான் வசிக்கும் வாஷியில் இன்று பிள்ளைகள் முதலில் கையில் எடுக்கும் நரம்புக் கருவி பெரும்பாலும் உகுலேலேதான். அடுக்ககத்தின் சிறிய அறைக்கு அது பொருந்துகிறது. நான்கு நரம்புகளே உள்ளமையால் விரைவில் கைவசமாகிறது. அதை வாங்கச் செல்லும் பெற்றோர் முதலில் சந்திக்கும் சொல் 'டோன்வுட்'. கோஆ, மகோகனி, ரோஸ்வுட், மாமரம், அக்கேசியா என மரப்பெயர்களின் பட்டியலும், ஒவ்வொன்றின் ஒலிக்கும் 'இனிமை', 'தெளிவு', 'ஆழம்' என்ற அடைமொழிகளும், அவற்றிற்கேற்ப ஏறும் விலையும் அச்சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. (ஹவாய்த் தீவின் அம்மரப்பெயரை நம் அண்டை மாநிலமாகிய கோவாவோடு குழப்பிக்கொள்ளாதிருக்கக் 'கோஆ' என்றே எழுதுகிறேன்.)

'டோன்வுட்' என்பதற்கு நேரான பொதுச்சொல் எதையும் பழந்தமிழ் நூல்களில் நான் கண்டதில்லை. 'இசைமரம்' என இன்று ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சொல் இல்லாத இடத்தில் வேறு எந்தச் சொற்கள் இருந்தன என்பதே மொழியியல் மாணவருக்குச் சுவையான வினா. சந்தை மரத்தின் பெயரைக் கேட்கிறது. தமிழ் மரபின் ஒரு பகுதி மரம் எப்படி வளர்ந்தது, எப்படி வீழ்ந்தது, எவ்வளவு காலம் உலர்ந்தது என்று கேட்டது. மரம் அரிதாகிவரும் இக்காலத்தில் இரண்டாவது கேள்விக்குத் திரும்புவது அவசியம் என்பதே இப்பதிவின் வாதம்.

1. கிடைத்த மரம் மரபான கதை

1879 ஆகஸ்டு 23 அன்று 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல், மதீராத் தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கான தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஹொனலுலு வந்தடைந்தது. அதில் வந்த மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜொசே தோ எஸ்பிரித்து சாந்தோ ஆகிய மூவரும் மரத்தச்சர்கள். தம் ஊரின் சிறு நரம்புக் கருவியாகிய 'மச்செட்டே'யை ஒட்டி அவர்கள் புகுந்த நாட்டில் செய்த கருவியே உகுலேலே. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கோஆ, ஹவாய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். ஹவாய் மக்கள் நெடுங்காலமாக அதில் ஓடங்கள் குடைந்து வந்தனர். தச்சருக்கு அது அருகில் கிடைத்தது, வேலைக்கு இணங்கியது, வரியோட்டம் அழகாக இருந்தது. ஒலியாய்வு செய்து உலக மரங்களிலிருந்து தேர்ந்தெடுத்த மரம் அன்று அது.

1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் பொருட்காட்சியில் ஹவாய் அரங்கின் இசை அமெரிக்கரைக் கவர்ந்தது. அடுத்த ஆண்டே ஹொனலுலுவில் கமாக்கா பட்டறை தொடங்கியது. அமெரிக்க நிலப்பரப்பின் பெரிய கிட்டார்ப் பட்டறைகளும் உகுலேலே செய்யலாயின. 'உண்மையான உகுலேலே கோஆவில்தான்' என்ற எண்ணம் இக்காலத்தில்தான் வலுப்பெற்றது. ஆனால் கோஆக் காடுகள் அதற்கு முன்பே சுருங்கத் தொடங்கியிருந்தன. 1793இல் கப்பற்றலைவர் வான்கூவர் தீவில் இறக்கிய மாடுகளின் வழிவந்த மந்தைகள் இளங்கன்றுகளை மேய்ந்தழித்தன. காடுகள் மேய்ச்சல் நிலங்களாயின. இன்று உயர்விலை உகுலேலேகளுக்கான கோஆ, பெரும்பாலும் தனியார் நிலங்களில் பட்டுப்போன அல்லது சாய்ந்த மரங்களிலிருந்து வருகிறது.

அண்மையில் கிடைத்தமையால் ஒரு மரம் பயன்பட்டது, பயன்பட்டமையால் மரபாயிற்று, மரபானபின் அரிதாயிற்று, அரிதானபின் அந்த அருமையே அதன் ஒலிச்சிறப்புக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இந்த நான்கு படிகளையும் நம் கருவிகளின் வரலாற்றிலும் காணலாம். எனினும் நம்மிடம் வேறொரு குரலும் பதிவாகியுள்ளது.

2. சீவகன் கேட்ட கேள்வி

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி, காந்தருவதத்தையார் இலம்பகம். யாழ்ப்போட்டிக்கு வந்த சீவகனிடம் ஒன்றன்பின் ஒன்றாக யாழ்கள் நீட்டப்படுகின்றன. அவன் ஒவ்வொன்றையும் மறுக்கிறான். ஒன்று நீரில் நின்று இளகிய மரம். ஒன்று நீரோடு அடித்து வரப்பட்ட மரம். ஒன்று வாளால் புண்பட்டது. ஒன்று இடி விழுந்தது. கவனிக்கத்தக்கது இதுதான்: அங்கே அவன் மரத்தின் இனத்தைக் குற்றமாகச் சொல்லவில்லை, மரத்திற்கு நேர்ந்ததைச் சொல்கிறான். இடிபட்ட மரத்தின் உட்பிளவுகளும், நீரில் ஊறிய மரத்தின் சிதைந்த நார்களும் அதிர்வை விழுங்கிவிடும் என இன்றைய ஒலியியல் சொல்லும்.

காப்பிய நாயகனின் நுண்ணறிவைக் காட்டும் புனைவு அது என்று ஒதுக்க இயலாது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் குழல் செய்யும் முறையைச் சொல்லுமிடத்தில், மிக இளையதும் மிக முதிர்ந்ததும் அல்லாத மூங்கிலை வெட்டி, நிழலில் ஓராண்டு இட்டுவைத்து, அது திருகவோ பிளக்கவோ இல்லை என்று அறிந்த பின்னரே துளையிட வேண்டும் என்கிறார். மூங்கிலே சிறந்தது என்று கொண்டாலும், சந்தனம், செங்காலி, கருங்காலி, வெண்கலம் ஆகியவற்றையும் அவர் விலக்கவில்லை. தம் காலத்து வழக்கு மாறியிருப்பதையும் குறித்துச் செல்கிறார். பொருள் மாறலாம், பதம் பார்க்கும் முறை மாறக்கூடாது என்பது அவ்வுரையின் உட்கிடை.

யாழைப் பற்றிய உரைமரபில் இன்னொரு நுட்பம் உண்டு. மரம் கருவிக்கு மொத்தமாகச் சொல்லப்படவில்லை. உறுப்புக்கு உறுப்பு சொல்லப்பட்டது. இழுவிசையைத் தாங்கும் கோட்டிற்குக் கொன்றை, கருங்காலி போன்ற வலிய மரங்கள். ஒலியைப் பெருக்கும் பத்தருக்குக் குமிழ், தணக்கு, முருக்கு போன்ற எடை குறைந்த மரங்கள். 'டோன்வுட்' என்ற ஒற்றைச் சொல்லின் தேவையே அங்கு எழவில்லை. பெரும்பாணாற்றுப்படை காட்டும் முல்லைநிலத்து இடையனோ இன்னும் எளியவன். உள்துளை பொருந்திய குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்துகொள்கிறான். மேய்ச்சல் நிலத்தில் கைக்கு எட்டியது குமிழ். பின்னாளைய உரைகள் பத்தருக்கு அதே குமிழைச் சொல்வதைப் பார்க்கையில், ஹொனலுலுத் தச்சரின் கோஆ நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

3. தோட்டத்து மரமும் அரசாங்க மரமும்

இன்றைய வீணையின் வடிவம், அதாவது 24 மெட்டுகள் நிலையாகப் பதிந்த வடிவம், தஞ்சை ரகுநாத நாயக்கர் (ஆட்சி 1600–1634) காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அதன் குடமும் தண்டியும் பலா. மிருதங்கக் கட்டையும் தவில் கட்டையும் பலாவே. பலா ஏன் என்று கேட்டால் கலைஞர்கள் ஒலியைச் சொல்வார்கள். ஈரம் மாறினாலும் அதிகம் கோணாதது, குடைவதற்கு இணங்குவது, பூச்சி எளிதில் அண்டாதது என்பனவும் உண்மையே. இவற்றோடு இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும் என்று கருதுகிறேன். பலா தோட்டத்து மரம்.

சந்தனமும் ஈட்டியும் அப்படியல்ல. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை யாருடைய நிலத்தில் நின்றாலும் அரசுக்கு உரிய 'ராஜகீய' மரங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கீட்டுக் காடுகளாக்கி, அங்கிருந்து மரம் எடுப்பதை அரசின் அனுமதிக்கு உட்படுத்தியது. விடுதலைக்குப் பின்னரும் இக்கோடு நீண்டது. தமிழ்நாடு ஈட்டி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் (1994), பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியை வெட்டுவதற்கும் அனுமதி கேட்கச் செய்தது. 2021இல் வயநாட்டு முட்டிலில் பட்டா நிலங்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்கள் வெட்டப்பட்ட வழக்கு, உரிமையாளர் யார் என்ற இந்தப் பழைய வினாவின் இற்றைய வடிவம்.

பண்ணுருட்டிச் செம்மண் நிலத்து உழவருக்கோ பலா கனிக்காக வளர்த்த மரம். காய்ப்பு ஓய்ந்தபின் அடிமரம் தச்சருக்குப் போகும். வனத்துறையின் முத்திரை வேண்டாத ஒரு பெருமரம் கைவினைஞருக்கு அருகிலேயே கிடைத்தது. அதனால் தஞ்சை வீணையின் வரலாற்றை எழுத அரசவைச் சுவடிகள் மட்டும் போதா. பலாத்தோப்புகளின் வரலாறும் வேண்டும்.

ஒரே அடிமரத்தில் குடம், தண்டி, யாளிமுகம் வரை குடைந்தெடுத்த வீணையை 'ஏகாந்த வீணை' என்கிறோம். 'ஏகாண்ட' என்ற வடிவமும் வழங்குகிறது. பகுதிகளைத் தனித்தனியே செய்து பொருத்தியது ஒட்டு வீணை. 'காண்டம்' என்ற வடசொல்லுக்கு அடிமரம் என்றும் பொருளுண்டு. ஒரே துண்டு என்ற கருத்துக்கு அதுவே பொருந்தும். தனிமையைக் குறிக்கும் 'ஏகாந்தம்' பின்னர் ஒலியொப்புமையால் அவ்விடத்தைப் பிடித்திருக்கலாம் என்பது என் ஊகம். கைவினைச் சொல் ஒன்று ஆன்மிகச் சாயல் பெற்று உயர்கிறது. கூடவே விலையும் உயர்கிறது. பருத்த அடிமரங்கள் அருகிவரும் காலத்தில் இச்சொல்மாற்றத்தின் பொருளியலையும் நாம் கவனிக்க வேண்டும்.

4. ஒரு பேரினப் பெயர் செய்த வேலை

பெயர் எவ்வளவு வலிமையுள்ளது என்பதற்கு ஈட்டியே சான்று. தமிழில் ஈட்டி, தோதகத்தி, மலையாளத்தில் ஈட்டி, வீட்டி, கன்னடத்தில் பீட்டெ. தமிழ் வகரத்துக்குக் கன்னடத்தில் பகரம் வருவது (வேர்–பேரு, வில்–பில்லு) தெரிந்த ஒலிமாற்றம் ஆகையால், இவை ஒரே வேரின் கிளைகள் எனக் கொள்ளத் தடையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு சரிவுகளிலும் வாழ்ந்தவர்கள் இம்மரத்தை ஒரே பெயரால் அறிந்திருந்தனர். மராத்தியில் அது 'சிசவ்'. ஆனால் வாஷியின் மரச்சாமான் கடைகளில் விற்கும் 'சீசம்' பெரும்பாலும் வடநாட்டுச் சிசு மரம். இரண்டும் டால்பெர்ஜியா என்னும் ஒரே பேரினத்தின் வெவ்வேறு இனங்கள்.

கிட்டார்ச் செய்வோர் முன்பு பிரேசில் ரோஸ்வுட்டையே போற்றினர். உருட்டுமர ஏற்றுமதிக்குப் பிரேசில் கட்டுப்பாடு விதித்த சூழலில், 1969இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. பிறரும் பின்தொடர்ந்தனர். நம் மலைகளின் மரம் உலகக் கிட்டார்களுக்கும், பின்னர் உயர்விலை உகுலேலேகளுக்கும் முதுகுப் பலகையாயிற்று. 'மாற்றுமரம்' என்று வந்தது ஒரு தலைமுறைக்குள் 'மரபு மரம்' ஆகிவிட்டது.

அழியும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் ஜோகன்னஸ்பர்க் மாநாடு (2016), டால்பெர்ஜியாப் பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரி 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அறுத்த பலகையைப் பார்த்து இன்ன இனம் என்று சுங்க அலுவலர் பிரித்தறிய இயலாது என்பது பேரினத்தையே பட்டியலிட்டதற்கு ஒரு முக்கியக் காரணம். விளைவு? அழிவுநிலையில் இல்லாத சிசு மரத்தில் கைவினைப்பொருள் செய்யும் வடஇந்தியத் தொழிலாளர்களும் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க நேர்ந்தது. 2019 ஜெனிவா மாநாடு முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்களித்தது. 2022 பனாமா மாநாட்டில், ஓர் அனுப்புதலில் சிசு மரத்தின் எடை 10 கிலோ வரை அனுமதிச் சீட்டு வேண்டாம் என்று தெளிவாயிற்று. பாதுகாப்பின் தேவையை நான் ஐயுறவில்லை. ஈட்டி உண்மையிலேயே அருகிவரும் மரம். பெயரை மட்டும் கொண்டு மரத்தை ஆளும்போது, எந்த மரம், எங்கே வளர்ந்தது, யார் வளர்த்தது என்ற வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன என்பதே நான் சுட்டுவது.

5. காது என்ன சொல்கிறது

பெயருக்கு இத்தனை விலை கொடுக்கிறோமே, காது அதை உணர்கிறதா? 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்து ஆய்வாளர்கள் முதுகிலும் பக்கங்களிலும் மட்டும் மரம் மாறுபட்ட ஆறு கிட்டார்களைச் செய்வித்து, 52 கிட்டார்க் கலைஞர்களிடம் மரத்தைப் பார்க்கவிடாமல் வாசிக்கக் கொடுத்தனர். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ஈட்டி முதல் விலை குறைந்த சப்பேலி வரை அதில் இருந்தன. கலைஞர்கள் அளித்த மதிப்பீடுகளில் மரத்துக்கு மரம் பெரிய வேறுபாடு இல்லை.

இதை எல்லா உறுப்புகளுக்கும் நீட்டக்கூடாது. நரம்பின் அதிர்வை நேரே வாங்கும் மேற்பலகையில் மரத்தின் எடையும் விறைப்பும் தேர்ந்து கொள்ளப்பட வேண்டியவையே. உறுப்புக்கு உறுப்பு மரம் சொன்ன நம் உரைமரபு இங்கே துணைநிற்கிறது. மேலும் ஒரு கருவியின் ஒலிக்கு மரம் ஒன்றே காரணமன்று. சி. வி. இராமன் 1921இல் வீணையையும் தம்பூராவையும் ஆராய்ந்தபோது, அவற்றின் தனி நாதத்துக்கான காரணத்தை வளைந்த குதிரையில் கண்டார். நரம்பு அதன் பரப்பைத் தொட்டு விலகும் விதமே மேற்சுரங்களைச் செழிக்கச் செய்கிறது. அந்தக் குதிரையின் வளைவைச் சீராக்குவது தச்சரின் கை.

மரத்தின் வாழ்வு பட்டறையோடு முடிவதுமில்லை. தஞ்சையின் வறண்ட கோடையில் முடித்த வீணை, மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாஷியிலோ நான்கு மாத மழையின் ஈரத்தை உறிஞ்சுகிறது. மெட்டுகள் பதிந்த மெழுகும் தளர்கிறது. மேளம் கட்டுவோரைத் தேட வேண்டியிருக்கிறது. எந்த மரம் என்பதைவிட அது எவ்வளவு நன்றாக உலர்ந்தது என்பதே இங்கே முதலில் வெளிப்படும். அடியார்க்குநல்லாரின் நிழலில் ஓராண்டு என்னும் விதி மும்பை மழையிலும் செல்லுபடியாகிறது.

6. இரண்டு புயல்களும் ஒரு பழைய உத்திரமும்

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூர்க் கரையைக் கடந்தது. பண்ணுருட்டி வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் பெருந்தொகையாகச் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அன்று 'கஜா' வந்தது. கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்துப் பலாமரங்கள் வீழ்ந்தன. செய்திகள் இவற்றை வேளாண் இழப்பாகப் பதிவு செய்தன, அது சரியே. இவை இசைக்கருவி வரலாற்றின் நிகழ்வுகளும் ஆகும். வீணைக் குடத்துக்கு ஏற்ற அடிமரம் பருக்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். இரண்டு இரவுகளில் வீழ்ந்தவை இனிவரும் இரண்டு தலைமுறைக் கருவிகளுக்கு உரிய மரங்கள்.

இடைப்பட்ட 2013இல் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. மரத்துக்கான பாதுகாப்பு அதில் அடங்கவில்லை. தோப்புகளும் அவற்றை வளர்ப்போரும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றனர்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் வேறொரு வழியைக் காட்டுகிறது. 2022இல் குறியீடு பெற்ற இக்கருவிக்கு ஆச்சா மரம் வேண்டும். அதைச் செய்வோர் புதிய மரத்தைவிட, இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகின்றனர். பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்த மரம் இனித் திருகாது, பிளக்காது. டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காகப் பாரி நாதஸ்வரத்தைச் செம்மை செய்த ரங்கநாதன் ஆசாரியின் ஊர் அது. மரத்தை இனப்பெயரால் மட்டுமன்றி அதன் வாழ்க்கைக் குறிப்பாலும் தேர்ந்தெடுக்கும் அறிவு அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. சீவகனின் கேள்வியை அங்குள்ள ஆசாரிகள் நாள்தோறும் கேட்கின்றனர்.

மாற்று மரங்களும் நம்மிடம் இல்லாமலில்லை. பத்தருக்குச் சொல்லப்பட்ட குமிழ் இன்று 'குமிழ்தேக்கு' என்ற பெயரில் தமிழக உழவர் வயல்களில் பயிராகிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொணர்ந்து நட்ட ஆஸ்திரேலிய பிளாக்வுட், கோஆவின் நெருங்கிய உறவு. வெளிநாட்டு உகுலேலேகளில் கோஆவுக்கு மாற்றாக அதுவே பயன்படுகிறது. நம் மலைகளில் அது சோலைகளுக்கு ஊறு செய்யும் அந்நிய மரம், அகற்ற வேண்டியது. ஹவாயில் விலைமதிப்புள்ள மரத்தின் நெருங்கிய உறவு இங்கே களையாக நிற்கிறது. அகற்றும் மரத்தை விறகாகவும் கூழாகவும் மட்டுமே பார்க்க வேண்டியதில்லை.

ஆய்வாளர்களுக்கு இதில் செய்யத்தக்க வேலை உண்டு. அருங்காட்சியகத்திலோ வீட்டிலோ உள்ள ஒரு வீணையைப் பதிவு செய்யும்போது 'பலா, தஞ்சாவூர்' என்று நிறுத்திவிடுகிறோம். மரம் எந்தத் தோப்பைச் சேர்ந்தது, எந்த ஆண்டு வீழ்ந்தது, வெட்டப்பட்டதா சாய்ந்ததா, எத்தனை ஆண்டு உலர்ந்தது, எவர் குடைந்தார் என்ற ஐந்து செய்திகளைச் சேர்த்துக் கேட்கலாம். மிருதங்கத்தின் தோல் வேலை செய்தோரின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) பேசியதுபோல, மரத்தச்சர்களுக்கும் மரம் வளர்த்தோருக்கும் ஒரு வரலாறு வேண்டும். ஆசாரிகள் பலர் முதுமையில் இருக்கின்றனர். 'தானே'யில் சாய்ந்த மரங்களுள் எவை வீணையாயின, எவை விறகாயின என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் பண்ணுருட்டிப் பக்கம் இருப்பார்கள்.

கடலூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் களப்பணி செய்யும் நண்பர்கள் இக்கேள்விகளைத் தம் வினாநிரலில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். மும்பையில் பழைய வீணை வைத்திருக்கும் குடும்பத்தார், அது எங்கே யாரிடம் வாங்கியது என்ற நினைவைப் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.